மூன்றாவது பொய்மீன்

ஒரே தங்கூசித் தூண்டில் நூலில், முள் வைத்த மூன்று பொய்மீன்கள். டோறே என்ற ஆற்று மீனுக்காகக் குகதாசன் நேற்று மாலை முழுவதும் குசினி மேசையில் இருந்து கட்டியவை. போன தடவை அறுந்துபோன கோபத்தில் இந்தமுறை தடித்த நூல். முதலிரண்டையும் வள்ளத்தின் பின்னால் ஆற்றில் விட்டாயிற்று. மூன்றாவதைக் கையிலிருந்து விடும் நேரம் பார்த்து முதலாவது அடியில் ஒரு பாறையில் கொளுவிக்கொள்ள, மூன்றாவது துள்ளி அவருடைய லைஃப் ஜாக்கெட்டின் தோள்வாரில் ஏறிவிட்டது. இப்போது நூல் ஒரு பக்கம் பாறையிலும் மறுபக்கம் அவரிலும். நீரோட்டம் வள்ளத்தை லவாலுக்குப் போகும் பாலத்தை நோக்கித் தள்ளுகிறது. மனைவி கலாதேவி சின்ன மோட்டரைப் பின்பக்கமாகப் போட்டு, இரண்டு கைகளாலும் முறுக்கிப் பிடித்திருக்கிறாள். விறைத்த நூலிலிருந்து துளிகள் வெயிலில் தெறிக்கின்றன. குகதாசனின் நெஞ்சு வள்ளத்தின் விளிம்பில் அழுந்துகிறது. “கத்தரிக்கோல் எங்கயப்பா?” “பெட்டிக்குள்ள. எனக்கு எட்டுதில்லை.” அவள் காலை நீட்டிப் பெட்டியைத் தள்ளுகிறாள். பெட்டி கவிழ்கிறது. கத்தரிக்கோல் சறுக்கி அவளுடைய இருக்கைக்கு அடியில் போய்விடுகிறது. “ஜாக்கெட்டைக் கழட்டட்டே?” “ஐயோ, உங்களுக்கு நீந்தத் தெரியாது. அதில கை வைக்காதேங்கோ!” பாலத்தின் மேல் பஸ் ஒன்று ஆறுதலாக, அவசரமில்லாமல் போகிறது. மோட்டரின் சத்தம் ஒரு கணம் மெலிந்து, பிறகு திரும்புகிறது. இருவருக்கும் கேட்கிறது. மறுபடியும் மெலிகிறது. அவருடைய விரல்கள் மார்பிலிருக்கும் ஜாக்கெட் கிளிப்பைத் தேடிப் போகின்றன. டக். கிளிப் திறந்துகொள்கிறது.