பெண்கள் நாள்

தொற்றுக் காலத்தில் பனாமாவில் ஆண்களுக்கு ஒரு நாள், பெண்களுக்கு மறுநாள் என்றுதான் கடைக்குப் போக அனுமதி. எவரார்டோவின் மனைவி நெரெய்தா மருத்துவமனையிலேயே இறந்துபோனாள். ஆனாலும் பெண்கள் நாளில் சமையலறைக்கு மரவள்ளிக்கிழங்கு வந்துவிடும். யார் கொண்டுவந்தது என்று கேட்காமல் அவன் அவித்து மகள் இட்செலுக்கு ஊட்டுவான்.

வெள்ளிக்கிழமை இட்செல் முகக்கவசம் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

“எங்கடி கிளம்பிட்ட?”

“அம்மாகூட கடைக்கு. நீ வராதப்பா, போலீஸ் புடிச்சிட்டுப் போயிடும். இன்னைக்குப் பொம்பளைங்க நாளு.”

அவன் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அரிசி களைந்துவிட்டுத் திரும்பியபோது அவள் இல்லை. பூட்டு அப்படியே இருந்தது.

ஜன்னல் வழியே பார்த்தான். தெருவில் பெண்கள் வரிசையில் இட்செல் ஒரு கையை மேலே உயர்த்தி, எதையோ பிடித்தபடி நின்றாள். அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான். வரிசை நகர்ந்தது. அவள் திரும்பாமல், கடை வாசலையும் தாண்டி நடந்துகொண்டே இருந்தாள்.