நீலா அம்மாவின் சம்படம்

வாசல்படிக்குக் கீழே நின்று பஞ்சநதம் இரண்டு கைகளையும் கூப்பினார். அறுபதைத் தாண்டிய மனிதர், வீட்டின் சொந்தக்காரர், கீழ்வீட்டில் குடியிருக்கும் புகழேந்தியைக் கும்பிட்டார்.

"படிச்சேன் தம்பி. பெங்களூர்லேருந்து பையன் இப்பத்தான் அனுப்பினான். கண்ணு கலங்கிப் போச்சு."

"ஐயா, நீங்க போயி என்னைக் கும்பிட்டுக்கிட்டு... உள்ள வாங்க, உக்காருங்க."

"இருக்கட்டும் தம்பி. மாடியில வேலை கெடக்கு. நீங்க பெரிய ஆளா வருவீங்க."

எப்போதும் புகழேந்தியின் தோளில் கைபோட்டுக்கொண்டே பேசுகிறவர் அவர். இன்று கும்பிட்டபடியே நகர்ந்து மாடிப்படி ஏறினார்.

"பாத்தியா?" என்று மனைவி தமிழ்நிலாவிடம் திரும்பினான் புகழேந்தி. "மாடியில என்ன நெனப்பாங்கன்னு ராத்திரி பூரா தூங்காமக் கெடந்தியே. கும்பிட்டுட்டுப் போறாரு."

புகழேந்தி ஒரு டிராக்டர் கம்பெனியில் விற்பனை மேலாளர். கல்லூரி மேடைகளில் தன்னம்பிக்கைப் பேச்சாளராக வேண்டும் என்று ஆசை. அதற்காகச் சேர்ந்த ஆன்லைன் வகுப்பில், உங்கள் கதைதான் உங்கள் பிராண்ட், எதையும் மறைக்காதீர்கள் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். முந்தின நாள், குடவாசல் பக்கத்துக் கிராமத்தில் தன் அம்மா வீட்டு வாசலில் நிற்கும் படத்தை இணையத்தில் பதிவாகப் போட்டு, 'காலனி வீட்டிலிருந்து கார்ப்பரேட் மேடை வரை' என்று தலைப்புக் கொடுத்திருந்தான்.

"காலனிங்கறத மட்டும் எடுத்துருங்க" என்று கெஞ்சியிருந்தாள் நிலா. "ஏழை வீடுன்னு போட்டாப் போதாதா? ஊர் உலகத்துக்கெல்லாம் எதுக்கு நம்ம வீட்டத் தெறந்து காட்டணும்?"

"ஏழைன்னு எல்லாரும்தான் போடுறாங்க. நெஜத்தப் போட்டாதான் பேரு நிக்கும்."

"பேரு நிக்கும். நாம நிக்க வீடு வேணும்ல?"

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. தஞ்சாவூரில் அவர்கள் ஏறி இறங்கிய வீடுகளில் எல்லாம், வாடகையைச் சொல்வதற்கு முன்னால், "நீங்க என்ன ஆளுங்க?" என்றுதான் கேட்டார்கள். பதில் தெரிந்ததும் வீடு வேறு யாருக்கோ பேசி முடிந்திருந்தது.

பஞ்சநதம் ஒருவர்தான் அதைக் கேட்கவில்லை. சொந்த ஊர் கேட்டார், வேலை கேட்டார், பெயர்களைக் கேட்டு, "நல்ல தமிழ்ப் பேரு" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். மகள் செம்மொழியின் பள்ளிக்கூடம் அடுத்த தெரு. நிலா வேலை பார்க்கும் லேப் நடக்கிற தூரம். இந்த வீடு போனால் மறுபடியும் அந்தக் கேள்விக்குத்தான் போய் நிற்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே, பஞ்சநதத்தின் மனைவி நீலா அம்மா இருந்தார். நிலாவின் வத்தக்குழம்பு மாடிக்குப் போகும். மாடியிலிருந்து பொரியலும் பாயசமும் இறங்கி வரும். எந்தப் பாத்திரமும் வெறுமையாகத் திரும்பியதில்லை. இந்தச் சின்னக் கொடுக்கல் வாங்கலில்தான் சாமி குடியிருக்கிறது என்று நிலா நம்பினாள்.

அன்று ஆடிப்பெருக்கு. விடிகாலையிலேயே எவர்சில்வர் சம்படம் நிறையச் சர்க்கரைப் பொங்கல் வந்திருந்தது. சம்படத்தின் மூடியில் நீலா அம்மாவின் தாயார் பெயர் வெட்டியிருக்கும்.

"எங்கம்மா சீரா குடுத்தது. இது ஒண்ணு மட்டும் என் கையைவிட்டுப் போகக் கூடாது. மறக்காமக் கொண்டாந்து குடுத்துடு" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார்.

நிலா சம்படத்தைப் புளி போட்டுத் துலக்கினாள். ஊறிய அரிசியில் வெல்லமும் தேங்காயும் தாராளமாகப் போட்டுக் காப்பரிசி கலந்து நிரப்பினாள். மனசு லேசாகியிருந்தது. நல்ல மனிதர்களைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"நீலாம்மாகிட்ட குடுத்துட்டு வந்துடறேன்."

"குடு, குடு. ஒரு காலேஜ்லேருந்து பேசக் கூப்பிட்டுருக்காங்கன்னும் சொல்லு" என்றான் புகழேந்தி. அவன் அடுத்த பதிவைத் தட்டிக்கொண்டிருந்தான்: 'இன்று என் வீட்டு உரிமையாளர் என்னைக் கைகூப்பி வணங்கினார்.'

மாடியில் கதவு பாதிதான் திறந்தது. நீலா அம்மா சிரித்தார்.

"ஒன் மாமியார் படத்தப் பாத்தேன். என்ன களையான முகம்."

"இந்தாங்கம்மா, சம்படம்..."

"ஒன்கிட்ட சொல்லணும்னே இருந்தேன். ஐயாவோட தம்பி மகன் இங்க வேலைக்கு வர்றான். கீழ்வீடு அவனுக்கு வேணுமாம். ஆடியில யாரையும் வீடு மாத்தச் சொல்லக் கூடாது பாரு. ஆவணி பொறந்ததும் பாத்துக்கங்க."

தம்பி மகன் நிஜமாகவே வரலாம் அல்லவா, நாமாக எதையாவது நினைத்துக்கொள்ளக் கூடாது என்று நிலா தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சம்படத்தை இரண்டு கைகளாலும் நீட்டினாள்.

"சரிங்கம்மா. காப்பரிசி கலந்தேன். ஒங்களுக்குப் புடிக்குமேன்னு வெல்லம் கூடப் போட்டுருக்கேன்."

நீலா அம்மாவின் கைகள் முந்தானைக்குள்ளேயே இருந்தன. மூடியில் வெட்டியிருந்த தாயார் பெயரை ஒருமுறை பார்த்தார். கண்கள் லேசாகக் கலங்கின. குரலில் கோபமே இல்லை.

"அதுல இனிமே நாங்க பொழங்க முடியாதும்மா, நீயே வெச்சுக்க."