வெளிப்பூட்டு

"என்னடா பார்த்துக்கிட்டு நிக்கிற? உடைடா!"

ஏகநாதன் சார் கடப்பாரையை என் கையில் திணித்தார். எங்கள் நகர் சங்கத் தலைவர். நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். இந்த மாதிரி வேலைக்கெல்லாம் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

கூடுவாஞ்சேரியில் எங்கள் மனைப்பிரிவில் அதுதான் கடைசி வீடு. லாசரஸ் காலையில் வெளியே பூட்டுப் போட்டுவிட்டுத் தாம்பரத்துக்கு ரயிலேறிவிடுவார். தனி ஆள் என்றுதான் நினைத்தோம். ஆனால் பூட்டின வீட்டுக்குள் பட்டப்பகலில் குக்கர் விசில் அடிக்கும். யாரோ மெதுவாகப் பாடுவார்கள். கூப்பிட்டால் பாட்டு நின்றுவிடும். அந்தப் பக்கம் பந்து விழுந்தால் பசங்க எடுக்கப் போக மாட்டார்கள்.

இன்றைக்கு வேனில் இரண்டு பேர் வந்தார்கள். பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். சார்தான் நிறுத்தி, "உள்ள ஆள் இருக்கே" என்றார்.

அவ்வளவுதான், வந்தவர்களில் பெரியவர் அழ ஆரம்பித்தார். "எங்க தங்கச்சி காந்திமதி சார்! அந்த லாசரஸ் கூட்டிட்டு வந்து அடைச்சு வச்சிருக்கான்!"

"அடப்பாவி! மாட்டைக்கூட இப்படிக் கட்டி வைக்க மாட்டாங்களே," என்றாள் புஷ்பம் அக்கா.

"சுதந்திர நாட்டுல இப்படியும் ஒருத்தன்!" சாருக்கு மேடைக் குரல் வந்துவிட்டது.

எல்லாரும் கேட் பக்கம் நின்றுகொண்டார்கள். நான் மட்டும் படியேறி, கடப்பாரையைப் பூட்டுக்குள் நுழைத்தேன்.

கதவை ஒட்டின ஜன்னல் ஒரு விரல் அளவு திறந்தது. உள்ளே இருட்டு. அதில் ஒரு கண்.

"தம்பி, உடைச்சிடாதீங்க." மூச்சு மாதிரி ஒரு குரல். "பூட்டச் சொன்னதே நான்தான். வெளியே பூட்டு தொங்கினா ஆள் இல்லேன்னு போயிடுவாங்கல்ல?"

இடுக்கில் இரண்டு விரல். நடுவில் சாவி.

"நெனச்சா நானே கையை விட்டுத் திறந்துப்பேன். பொறந்ததுலேர்ந்து ஒரு வீட்டுச் சாவி என் கையில இருக்கறது இப்பதான். அழுவுறானே, எங்க பெரியண்ணன்... அவன் இன்னொரு கையைப் பாருங்க."

திரும்பினேன். ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்த மறு கையிலிருந்து பேப்பர் சுற்றின நீள சாமான் ஒன்று எட்டிப் பார்த்தது. நுனி வளைந்திருந்தது.

ஜன்னல் சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

"என்னடா சிட்டிபாபு, பேயைப் பார்த்தியா? அந்தப் பொண்ணுக்கு விடுதலை வாங்கிக் குடுடா. உடை!"

கடப்பாரையை உருவிக்கொண்டு, பூட்டை மறைத்து நின்றேன்.

"பூட்டு இருக்கட்டும் சார். முதல்ல அவர் கையில இருக்கற பேப்பரைப் பிரிக்கச் சொல்லுங்க."