பெண் வரிசை பூத்த காலை

பனி காய்ந்துவிட்டது. அவள் வரப்பில் குந்தி, பெண் வரிசையின் கதிரொன்றைக் கண்ணருகே பிடித்திருந்தாள்.

ஒரு நெல் வாய் திறந்தது.

உள்ளிருந்து வெள்ளையாக இரண்டு இழைகள் எட்டிப் பார்த்தன.

அடுத்த நெல்லும் திறந்தது. அதற்கடுத்ததும்.

பக்கத்து ஆண் வரிசை நேற்றே பூக்கத் தொடங்கிவிட்டது. அதன் மகரந்தம் வந்து விழுந்தால்தான் இதில் மணி பிடிக்கும், வீரிய ஒட்டு விதை கிடைக்கும். ஒன்று முந்தி ஒன்று பிந்தினால் வயல் முழுக்கப் பதர்.

ராத்திரி முழுக்க அவள் புரண்டு புரண்டு படுத்தது அதற்குத்தான்.

ஆண் நெல்லுக்கு வயது அதிகம். அதை முதலில் விதைக்க வேண்டும், பெண்ணைப் பிறகு. எவ்வளவு பிறகு என்பதில்தான் சங்கதியே இருக்கிறது. இந்த வருஷம் வாய்க்காலில் தண்ணீர் தாமதமாக வந்து பட்டம் தள்ளிப் போனது. குளிரில் ஆண் பயிர் இன்னும் சுணங்கும் என்று அவளுக்குப் பட்டது. பெண் விதையை வழக்கத்தைவிடக் கூடுதலாக நிறுத்தி வைத்தாள்.

புருஷன் குதித்தான். நடவுக்கு ஆள் கிடைப்பதே ஒரு தடவைதான், இரண்டையும் சேர்த்து விதைத்துத் தொலை என்றான். அவள் விதை மூட்டையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு மேலே படுத்துக்கொண்டாள்.

ஆண் நாற்றை மட்டும் நட்டபோது வரிசைகளுக்கு நடுவில் அகல அகலமாக வெறும் சேறு. நாற்று பற்றவில்லை போலிருக்கிறது என்று இரக்கப்பட்டு, பக்கத்து வயல்காரர் தன் மிச்ச நாற்றையெல்லாம் சுமந்துகொண்டு வந்துவிட்டார். நடுவதற்குக் காலும் வைத்துவிட்டார். அவரைக் கரையேற்றுவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஊர் சிரித்தது. புருஷனுக்கு மானம் போயிற்று. எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டான், பதராகிப் போனால் இனி வெள்ளாமைப் பேச்சில் அவள் வாயே திறக்கக் கூடாது.

சரி என்றாள்.

மணி பிடித்தால் என்ன என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது எழுந்து நின்றாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பூத்திருந்தது. பெருமையாக இருந்தது. அதை அடக்கவெல்லாம் அவளுக்குத் தோன்றவில்லை. முகம் முழுக்கச் சிரித்தாள்.

வெயில் ஏறினால் பூ மூடிக்கொள்ளும். நீளக் கயிற்றை வயலின் குறுக்கே போட்டுவிட்டுத் தன் முனைக்கு வந்தாள். இரண்டு பேர் பிடித்துக் கதிர் மேல் உரசிக்கொண்டு நடந்தால்தான் மகரந்தம் கிளம்பும்.

அவள் யாரையும் கூப்பிடவில்லை.

எதிர் வரப்பில் புருஷன் செருப்பைக் கழற்றினான். மறுமுனையை எடுத்தான்.

நடந்தார்கள். ஆண் கதிர்கள் சாய்ந்து எழுந்தன. மஞ்சளாகப் புகை போல ஒன்று கிளம்பிப் பெண் வரிசைகள் மேல் இறங்கியது.

பாதி வயலில் அவன் தொண்டையைச் செருமினான்.

“ஏம்புள்ள, அடுத்த போகத்துக்கு எப்ப விதைக்கலாம்ங்கறே?”

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள்.

அவள் காதில் நன்றாகவே விழுந்தது.

“கேக்கலீங்க,” என்றாள். “சித்த சத்தமாச் சொல்லுங்க.”