அதற்கு மேல்

உப்பு ஜாடியில் சாய்த்து வைத்திருந்த போன் அடித்தது. மெக்சிகோவிலிருந்து சம்பந்தியம்மா ரோசியோ. ஞாயிறு தவறாத வீடியோ அழைப்பு. "எடுக்காதம்மா, அதான் எல்லாம் முடிஞ்சு போச்சுல்லா" என்று இசக்கிராஜா அறைக்கதவைச் சாத்திக்கொண்டான். விவாகரத்தாகி ஊர் திரும்பியதிலிருந்து அவன் அப்படித்தான். கல்யாணத்தின்போது உலகம்மைக்கு ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்ததும் அவன்தான். "வணக்கத்துக்கு ஓலான்னு சொல்லு. கோமோ எஸ்தா, எப்படி இருக்கீயன்னு கேளு. பியென், நல்லாருக்கேன்னு சொல்லுவாங்க. அதுக்கு மேல நான் பாத்துக்கிடுதேன்." அவள் முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு எடுத்தாள்.

"ஓலா. கோமோ எஸ்தா?"

ரோசியோ பியென் சொல்லவில்லை. இவளையே பார்த்திருந்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

"என்னத்துக்கு மயினி அழுதீய?"

தமிழ் அங்கே போய்ச் சேரவில்லை. உலகம்மை சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தாள். அது திறப்பதாக இல்லை. கொதிக்கிற குழம்பை இறக்கி வைத்தாள். நாற்காலியை இழுத்துப்போட்டு ஆயாசத்தோடு போனுக்கு எதிரே உட்கார்ந்தாள். அவளுக்குத் தெரிந்தது ஆரம்பிக்க மட்டும்தான். மறுபடியும் ஆரம்பித்தாள்.

"ஓலா."