இடுப்பளவுத் தண்ணீர்

மத்தியான வெயில் மேசைமேல் சாய்வாக விழுகிறது. பொம்மை செய்பவள் அதன்முன் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். இருபது நாள் செதுக்கி, மெல்லிய தூரிகையால் கால்விரல் நகம்வரை வண்ணம் தீட்டிய விரல்நீளப் பெண், வாய்விட்டுச் சிரித்தபடி ஆற்றில் இடுப்பளவு நிற்க வேண்டியவள். ரெசின் என்னும் பிசின் திரவத்தை நாளுக்கு ஒரு மெல்லிய அடுக்காக ஊற்றினால்தான் தெளிந்த தண்ணீராக இறுகும். அவள் கடைக்குப் போய் வருவதற்குள் கணவன் மொத்தத்தையும் கலந்து ஊற்றிவிட்டான். அது தன் சூட்டிலேயே கொதித்து, பாலாகக் கலங்கி, விரிசல் விட்டு, பொம்மையின் மூக்குவரை இறுகிக் கிடக்கிறது. தொட்டால் இன்னும் சுடுகிறது. நகங்களைக் காணோம், சிரிப்பையும் காணோம்.

“இடுப்பு வரைக்கும்தான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே.”

“மிச்சத்த வீணாக்குவானேன்னு ஊத்திட்டேன். உள்ள இருக்கறத யாரு பார்க்கப் போறா?” தூரிகை துடைக்கும் துணியிலேயே கையைத் துடைக்கிறான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பதினோரு வருஷமாக இதே கேட்காத உபகாரம். அவள் பேச ஆரம்பிக்கும் வாக்கியத்தைக்கூட இவன்தான் முடித்துவைப்பான்.

“இப்ப என்ன ஆயிடுச்சு? வாயத் திறந்து சொல்லேன்” என்கிறான்.

அவள் பொம்மையை அவன் பக்கமாகத் திருப்பி வைக்கிறாள். தண்ணீருக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் அவனைப் பார்க்கின்றன.