முகாம் வாசல் சலூன்

ராணுவ முகாம் வாசலில் சலூன் வைப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினால், எப்பேர்ப்பட்ட அதிகாரிக்கும் வாய் தானாகத் திறந்துகொள்ளும். "மீசையை ஒதுக்கட்டுமா சார்?" என்பதைத் தவிர சலூன்காரர் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. கேட்காமலே காதில் விழுந்ததையெல்லாம் பதினெட்டு வருஷமாக, எல்லைக்கு அப்பால் இருக்கும் தன் நாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

உளவாளிக்கும் வயசாகுமே! கை நடுங்குவதற்குள் ஊர் போய்ச் சேர விண்ணப்பித்தார். மேலிடம் மனமிரங்கி, தங்கை மகன் என்ற பெயரில் ஒரு பதில் ஆளை அனுப்பிவிட்டது. நாளைக் காலை ரயில். ரகசிய உத்தரவோடு வந்த புகைப்படத்தில் மட்டுமே பார்த்திருந்த பேத்தியை நாளை மறுநாள் தூக்கிவிடலாம்.

அப்போதுதான் முகாமின் பாதுகாப்பு அதிகாரி வந்தார். உளவாளிகளைப் பிடிப்பதுதான் அவர் உத்தியோகம். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டவர், நாற்காலியில் சாய்ந்தார்.

"ஷேவிங் பண்ணிடுங்க."

ஒரு கன்னம் முடிந்து, கத்தி தொண்டைக்குழிக்கு வந்தது.

"நாளைக்கு எல்லை தாண்டுறீங்களாமே, பெரியவரே?"

கத்தி நின்றது. "மக வீட்டுக்கு சார்... பேத்தியைப் பாக்க..."

"மக வீடு எந்த நாட்டுலன்னும் தெரியும். நீங்க யாருன்னும் தெரியும். இன்னிக்கு நேத்தா? பதினோரு வருஷமா!"

சலூன்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டார். ஒரே இழுப்பு, பின்வாசல், எல்லை. ஆனால் இத்தனை வருஷத்தில் யார் கன்னத்திலும் ஒரு கீறல்கூடப் போடாத கை அது; மாட்டேன் என்றது. கத்தியை மடக்கினார்.

"கூட்டிட்டுப் போங்க சார். பேத்திக்கு மட்டும் ரெண்டு வரி எழுதிக்கிறேன்."

"அட, மடக்கி வச்சா எப்படி? இன்னொரு கன்னம் அப்படியே இருக்கு! உங்க காதுல என்ன கதை விடணும்னு நாங்கதானே வாராவாரம் கூட்டம் போட்டு முடிவு பண்றோம்? பிடிக்கணும்னா அன்னிக்கே பிடிச்சிருக்க மாட்டோமா?"

"அப்ப... இப்ப எதுக்கு சார் வந்தீங்க?"

அதிகாரி பெருமூச்சு விட்டார். "நேத்து நீங்க டிக்கெட் எடுக்கப் போன நேரத்துல, எங்க தளபதி வந்து உங்க தங்கை மகன்கிட்ட தலையைக் கொடுத்துட்டார். இன்னிக்கு அணிவகுப்பையே ரத்து பண்ண வேண்டியதாப் போச்சு.

"நீங்க தாராளமா போய்ப் பேத்தியைக் கொஞ்சுங்க. அப்படியே உங்க மேலிடத்துல சொல்லி, முடி வெட்டத் தெரிஞ்ச உளவாளியா ஒருத்தரை அனுப்பிவைங்க!"